கோடு இல்லாத புள்ளி

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். ஏழு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் என் பாப்பா விழித்துக்கொள்ள மாட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆய்வு நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு பணம் குறைகிறது. வெளியூர் நிலையங்களில் சிலவற்றை மூடுவது என்று மேலே முடிவாகிவிட்டது. எதை மூடுவது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் கேட்டார்கள். தலைமையகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவன் நான்தானே, வேலை என் மேஜைக்கு வந்து விழுந்தது.

கடந்த ஐந்து ஆண்டுகளில் நம் ஆட்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் திரட்டினேன். எழுதிய ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தால் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான் விதி. மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். பலரோடு சேர்ந்து எழுதுகிறவர்கள் படத்தின் நடுவே கொத்தாக வந்துவிடுவார்கள், தனியாக எழுதுகிறவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். பெரிதாக அச்சடித்து நடைபாதைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கல்யாண குரூப் போட்டோவில் முகம் தேடுகிற மாதிரி எல்லோரும் வந்து தங்கள் புள்ளியைத் தேடுகிறார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேராசிரியர்கள் படத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பாவம்.

இதில் யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்திருக்கிறேன். படம் வரைகிறவனே படத்துக்குள் இருந்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் என்னை முதலிலேயே எடுத்துவிட்டேன். என் புள்ளி இல்லை, என் கோடுகளும் இல்லை. விதிகளை எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லா நிலையங்களுக்கும் அனுப்பிய பிறகுதான் கணினியை ஓடவிட்டேன். இயக்குநர் எல்லோர் முன்னாலும் "நேர்மைன்னா இதுதான்யா" என்று சொன்னார்.

உன் ஏரி நிலையத்தில் நீ ஒருத்திதான், உன் புள்ளி வலது பக்க மூலையில் தனியாக நிற்கிறது. ஒரு கோடுகூட இல்லை. மே மாதம் கமிட்டி கூடுகிறது, கோடு குறைந்த நிலையங்களைத்தான் மூடுவார்கள். நீ யாரோடாவது எழுதி அது எங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால் உடனே தெரிவி.

தம்பி

பிப்ரவரி 20

எலிக்கு,

சின்ன வயதில் என் பாடப்புத்தகங்களின் ஓரத்தைக் கடித்துத் தின்றதற்காக வைத்த பெயர். இப்போது அக்காவையே கடித்துவிட்டாய். பெயர் வைத்தவள் கெட்டிக்காரி.

யாரோடு எழுதினாய் என்று என்னைக் கேட்கிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா? உன்னோடுதான் எழுதினேன். ஐந்து வருடமும் உன்னோடு மட்டும்தான். நான் அளவுகளை அனுப்புவேன், நீ கணக்குப் போட்டு அனுப்புவாய். "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் கட்டுரையில் என் பெயர், பக்கத்தில் உன் பெயர். நீ தலைமையகத்தில் பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன். உன் வழியாகத்தான் நான் மற்றவர்களோடு சேர்ந்திருந்தேன். நீ உன்னைப் பிடுங்கி எடுத்தாய், என் கோடெல்லாம் உன்னோடு வந்துவிட்டது. இது உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. முதல் கடிதத்தைச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிற லட்சணத்திலேயே தெரிகிறது.

இங்கே எதுவும் மாறவில்லை. பம்ப் ஹவுஸ் புகைபோக்கியும் அக்கரை ஒற்றை மரமும் ஒரே நேராகத் தெரியும் இடத்தில்தான் படகுக்காரர் இன்னமும் படகை நிறுத்துகிறார். அங்கேதான் ஏரி ஆழம். நான் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குகிறேன், அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கிறேன். பிறகு அடியிலிருந்து தண்ணீர் எடுத்து அதில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோவது புதிதல்ல. ஆனால் வருடத்துக்கு வருடம் முன்னதாகத் தீர்கிறது. அப்படித் தீர்ந்திருக்கும் சமயத்தில் பெருங்காற்று அடித்து அந்த அடித்தண்ணீர் மேலே ஏறிக் கலந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். இன்னும் இரண்டு கோடை அளந்தால் அடித்துச் சொல்லிவிடலாம் என்று எழுதியது யார்? நீ. அந்த இரண்டு கோடை எனக்கு வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. உன்னைத் திரும்பப் படத்தில் போடு.

அக்கா

மார்ச் 3

அக்கா,

தெரியும். படம் திரையில் வந்த அந்த நிமிடமே தெரிந்தது. அதற்கு முன்னால் தெரியவில்லை, நம்பினால் நம்பு. விதி எழுதும்போது என்னைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். நான் போனால் யார் போவார்கள் என்று யோசிக்கவில்லை.

இயக்குநர் அறைக்குப் போனேன். மேஜையில் படத்தை விரித்து வைத்து, நிறம் சரியில்லை, நீலம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"உங்க அக்காவா அது? இத்தனை நாள் சொல்லவே இல்லையே."

"அதனாலதான் சார் என்னை எடுத்தேன்."

"சரியாத்தான் எடுத்தீங்க. படம் வந்தப்புறம் விதிய மாத்தினா நாளைக்கு எல்லா நிலையமும் வந்து வரிசையில நிக்கும். அதுவும் உங்க அக்காவுக்காக மாத்தினீங்கன்னா உங்க பேரும் போயிடும், என் பேரும் போயிடும். யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான்.

ஆனால் வேறொரு வழி இருக்கிறது. மீன் பிரிவுத் தலைவர் ஒரு கட்டுரையை அடுத்த வாரம் அச்சுக்கு அனுப்புகிறார். உன் ஏரியின் வெப்ப அளவுகளைத்தான் அதில் பயன்படுத்தியிருக்கிறார். உன் பெயரைச் சேர்க்கத் தயார் என்கிறார், "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்று. மே மாதத்துக்குள் வந்த கட்டுரைகளைச் சேர்க்க விதியில் இடம் இருக்கிறது. ஒரு கோடு போதும், அக்கா. ஒரே ஒரு கோடு இருந்தால் நீ தனிப்புள்ளி இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உன்னோடு பார்த்த ஏரி நிலைய வேலையை விட்டு நான் தலைமையகத்துக்கு வந்தது ஏசி அறைக்காக இல்லை. பாப்பாவின் காதுக்கு வாரத்துக்கு இரண்டு முறை டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. அன்றைக்கே சொன்னேன். நீ பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாய், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எலி

மார்ச் 14

எலிக்கு,

வேண்டாம்.

மீன் பிரிவுத் தலைவரின் கட்டுரையில் ஒரு வரி நான் எழுதவில்லை. அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்றுகூடத் தெரியாது. அளவு கேட்டார், கொடுத்தேன். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறேன். பெயர் போடட்டுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் "நான் எழுதலையே, எனக்கெதுக்கு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பத்து வருடம் அப்படிச் சொல்லிவிட்டு, நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றதும் ஓடிப்போய்ப் பெயரைச் செருகிக்கொண்டால் நான் யார்?

கோபப்படாதே. எனக்கே என் மேல் கோபம்தான். பம்ப் ஹவுஸ் பக்கம் உட்கார்ந்து நிறைய நேரம் யோசித்தேன். அப்பா அச்சகத்தில் பிழை திருத்திய காலம் நினைவிருக்கிறதா? புத்தகம் எழுதியவர்கள் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் போட்டு அனுப்புவார்கள். எல்லாப் பிழையையும் திருத்திவிட்டு, கடைசியாகத் தன் பெயரையும் கோடு போட்டு அடித்துவிடுவார். நாம் இரண்டு பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தோம்.

இப்போது பார். நீ உன் பெயரை அடித்தாய், நான் என் பெயரை அடித்தேன். வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் பேசாமலே, எவ்வளவு கச்சிதமாகச் செய்து முடித்திருக்கிறோம்! எதிரி உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக என்னைத் துடைத்திருக்க முடியாது.

பாப்பாவின் காது விஷயம் நீ சொன்னது கேட்டது. தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறது அவளுக்கு?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா, அக்கா,

பாப்பா நன்றாக இருக்கிறாள். மெஷின் வைத்தால் கேட்கிறது. பிடிக்காத பேச்சு வந்தால் கழற்றி வைத்துவிடுகிறாள். அத்தையைப் போல என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நீயே வழி காட்டியிருக்கிறாய், உனக்குத்தான் தெரியவில்லை. "பெயர் வேண்டாம் என்றேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு மீன் பிரிவுக் கட்டுரை ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முடிவுரைக்குக் கீழே, பொடி எழுத்தில், நன்றி என்று ஒரு பத்தி. ஏரி நிலையப் பொறுப்பாளருக்கு நன்றி. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இருந்தாய். பாசிப் பிரிவு, மண் பிரிவு, பறவை பார்க்கிறவர்கள், வானிலைக்காரர்கள் எல்லோர் கட்டுரையிலும் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். என் படத்துக்கு இது எதுவும் தெரியாது. அது முதல் பக்கத்தில் பெயர் இருப்பவர்களை மட்டும்தான் எண்ணும். நன்றியை யாரும் எண்ணுவதில்லை.

நான் எண்ணினேன். இரண்டு வாரமாக அத்தனை கட்டுரைகளின் கடைசிப் பத்தியையும் படித்தேன். யார் யாருக்கு நன்றி சொன்னார்களோ அவர்களுக்கு நடுவே கோடு. இதில் ஒரு விதியும் மாறவில்லை, முதல் படம் அப்படியே இருக்கிறது. இது இரண்டாவது படம். கணினியை ஓடவிட்டேன்.

நீ நட்டநடுவில் இருக்கிறாய். இயக்குநர் ஓரத்தில் எங்கேயோ கிடக்கிறார். அவருக்கு நன்றி சொன்னவர்களும் அனுமதி கொடுத்ததற்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கமிட்டிக்கு இரண்டு படத்தையும் வைக்கப்போகிறேன். இந்த முறை என் உறவையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. கணக்குத் தெரிந்தவன் எவனும் இதைப் பார்த்துவிட்டு உன் நிலையத்தை மூட மாட்டான்.

எலி

ஏப்ரல் 16

எலிக்கு,

படம் வந்தது. படகுக்காரரிடம் காட்டினேன். "இத்தன கோடும் உங்களுக்கா? சிக்கு விழுந்த வலை மாதிரில்ல இருக்கு!" என்றார். லேப் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடிக்கடி பார்க்கிறேன், பொய் சொல்வானேன்.

எனக்கு ஆசை காட்டாதே. காட்டினால் வந்துவிடும். போன வாரம் கோடைக்கு வேண்டிய பாட்டில்களைக் கழுவி அடுக்கிவிட்டேன். கயிற்றைப் புதிதாக வாங்கி ஆழக்குறிகள் போட்டுவிட்டேன். மூடப்போகிற கடையில் எவளாவது புதுச் சரக்கு வாங்குவாளா? உன் படத்தைப் பார்த்த வேகத்தில் வாங்கிவிட்டேன்.

இந்த வருடம் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இப்போதே இறங்க ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலில் நான் இதைப் பார்த்ததே இல்லை. கமிட்டியில் இதையும் சொல்.

லீவு கிடைத்தால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. படகில் உட்கார வைக்கிறேன். அங்கே கேட்கிறதுக்கு ஒன்றும் இல்லை, மெஷின் தேவைப்படாது.

அக்கா

மே 8

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் ஓட்டிவிட்டேன்.

மூடுகிறார்கள். ஜூன் கடைசியோடு.

கமிட்டியில் எல்லோரும் நல்லவர்கள். யாரும் உன்னைக் குறைத்துப் பேசவில்லை. இரண்டாவது படத்தைத் திரையில் போட்டதும் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். பிறகு இயக்குநர் சொன்னார்:

"ரொம்ப அழகான படம். மறுக்கவே முடியாது. ஆனா நன்றி சொல்றது மரியாதைங்க, வேலை இல்ல. வேலை செஞ்சிருந்தா பேர் போட்டிருப்பாங்களே?"

"அக்கா வேணாம்னு சொன்னாங்க சார்."

"அவங்களே வேணாம்னு சொன்னதுக்கு நாம எப்படி மார்க் போட முடியும்?"

மீன் பிரிவுத் தலைவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார். ஏப்ரல் அளவைச் சொன்னேன். ஒரு மாத அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் சில ஆண்டுகள் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள். பார்க்கிறவளை அனுப்பிவிட்டு யாரை வைத்துப் பார்ப்பது என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. இயக்குநருக்கு நன்றிப் படம் பிடித்துவிட்டது. புதிய முறை, இதையே ஒரு கட்டுரையாகப் போடலாம் என்கிறார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. என் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். இல்லையென்றால் உன் பெயரை மூன்றாவதாகப் போடச் சொல்லிக் கேட்கிறேன். என்ன செய்யட்டும், சொல்.

நான்தான் செய்தேன், அக்கா. நேர்மை என்று ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன், அதற்கு உன் துணியை வெட்டிவிட்டேன்.

எலி

ஜூன் 27

எலிக்கு,

சாவியை இன்றைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தவன் பாவம், சின்னப் பையன், எதை எடுக்க வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. குளிர்பெட்டியை ஏற்றினான், மேஜையை ஏற்றினான். வெள்ளைத் தட்டைப் பார்த்து "இது சாப்பாட்டுத் தட்டாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி நானே வைத்துக்கொண்டேன்.

காலையில் கடைசியாக ஒரு முறை போனோம். படகுக்காரர் காசு வாங்கவில்லை. புகைபோக்கியையும் மரத்தையும் நேராக வைத்து நிறுத்தினார். அடியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஆக்சிஜன் சுத்தமாக இல்லை. ஜூனிலேயே. இதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, இங்கே எழுதிவிட்டேன். நீ பத்திரமாக வை.

ஊருக்குள் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. பாட்டில் பாட்டிலாக வரும். எந்தக் கிணறு, எந்த ஏரி என்று எழுதியிருக்காது, வெறும் நம்பர்தான். குடிக்கலாமா கூடாதா என்று சொன்னால் போதும். அறை மாடியில். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி.

உன் கேள்விக்கு வருகிறேன். என் பெயர் வேண்டாம். அந்தக் கட்டுரையிலும் நான் எதுவும் எழுதவில்லை. கடைசிப் பக்க நன்றியிலும் வேண்டாம். ஆனால் நீ உன் பெயரை அடிக்காதே. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தவன் நீ. அடித்தால் எனக்குச் செய்த பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொள்வாய், எனக்கு அதனால் ஒரு கோடைகூடத் திரும்ப வராது. இந்த வீட்டில் ஒருவருடைய பெயராவது அச்சில் கிடக்கட்டும்.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். உன் மேல் கோபமில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் ஏரி ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

அக்கா

நவம்பர் 19

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இத்தனை மாதம் கேட்டேன். இன்றைக்கு முடியவில்லை.

ஆண்டறிக்கைக்காகப் புதுப் படம் வரையச் சொன்னார்கள். இந்த முறை என்னையும் சேர்த்தேன், விதியிலேயே எழுதி. மூடிய நிலையங்களின் புள்ளிகள் இல்லை. நீ இருந்த மூலையில் ஒரு வெற்றிடம் இருக்கும், அதையாவது பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. கணினி ஒவ்வொரு முறையும் இருக்கிறவர்களை வைத்துப் புதிதாக வரைகிறது. மற்ற புள்ளிகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடத்தை நிரப்பிக்கொண்டன. "இப்பதான் படம் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் இயக்குநர்.

மத்தியானம் மீன் பிரிவுத் தலைவர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏரியில் மீன் எல்லாம் செத்து மிதந்ததாம். கரை முழுக்க ஒதுங்கி, நாற்றம் தாங்காமல் அள்ளிப் புதைத்தார்களாம். காரணம் தெரிய வேண்டும் என்று மேலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"இந்தக் கோடையோட ஆக்சிஜன் அளவு வேணும். உங்க அக்காகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

"அக்கா அங்க இல்லயே சார். ஜூனோட மூடிட்டோம்."

"ஆமால்ல." கையிலிருந்த குறிப்பேட்டை மூடப்போனவர் மறுபடி திறந்தார். "வேற யாரும் எடுத்திருக்க மாட்டாங்களா?"

"யாரும் எடுக்கல."

ஜூன் அளவு என்னிடம் இருப்பதைச் சொன்னேன். உன் கடிதத்திலிருந்து அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "நன்றியில போட்டுடறோம்" என்றார்.

நீ சொன்னது அப்படியே நடந்துவிட்டது. நீ முன்பே சொன்னாய் என்று நிரூபிக்க அந்த இரண்டு கோடையின் அளவு இல்லை. எனக்கு யாரிடம் இதைச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எலி

நவம்பர் 28

எலிக்கு,

மீன் மிதந்தது எந்தத் தேதி? முந்தின நாள் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா என்று விசாரித்து எழுது.

படகுக்காரரிடம் கேட்காதே. அவர் படகை விற்றுவிட்டாராம்.

அக்கா